செவ்வாயை நகர்த்தியவன்

கஜீவனுக்கு ஒரு வியாதி இருக்கிறது. சரியாக இருக்கிற எதையும் அவன் சும்மா விடமாட்டான். சுவரில் நேராகத் தொங்கும் கலண்டரைக்கூட ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டினால்தான் அவனுக்குத் தேத்தண்ணி இறங்கும். அப்படிப்பட்டவனிடம் எங்கள் கந்தோர் மெஷினை ஒப்படைத்தார்கள். அவன் அதை இடம் மாற்றினான். அத்தோடு என் சாதகத்தில் ஆறாம் வீட்டில் தன் பாட்டுக்கு இருந்த செவ்வாயையும் தூக்கி ஏழாம் வீட்டில் வைத்துவிட்டான்.

செவ்வாய் ஏழில் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: அந்தப் பெண்ணைக் கட்டுகிறவன் தங்கமாட்டான் என்பார்கள். அதே குற்றம் உள்ள மாப்பிள்ளை கிடைத்தால் கலியாணம், இல்லாவிட்டால் அப்பன் வீட்டில் இருந்து பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். எனக்கோ பேசி முடித்து, நாள் வைப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் நாசமாய்ப் போவான் கை வைத்தான்.

என் பெயர் தனுசியா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் 'சுபயோகம்' கலியாண சேவைக் கந்தோரில் வேலை செய்கிறேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சாதகக் குறிப்புகளோடு வருவார்கள். பிறந்த திகதி, நேரம், இடம் எல்லாம் கேட்டு நான் பதிவேன். மெஷின் பொருத்தம் பார்க்கும். முதலாளி கனகசபாபதி ஐயா அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவருடைய கையெழுத்தைவிட மெஷினுக்குத்தான் சனத்திடம் மரியாதை அதிகம், அது அவருக்கும் தெரியும்.

எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. தொண்ணூற்றாறுக்கும் இரண்டாயிரத்து ஆறுக்கும் இடையில் பிறந்தவர்களின் குறிப்பு வந்தால், நேரத்தைப் பதிய முதல் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்போம். அந்த வருடங்களில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் தள்ளவில்லை. ஒரே வெயில்தான், ஆனால் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் வேறு நேரம். புது நேரம் என்று சொன்னால் நான் அரை மணித்தியாலத்தைக் கழித்துப் பழைய நேரமாக்கித்தான் பதிவேன். மெஷினுக்குள் இருந்ததெல்லாம் பழைய நேரம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதை யாராவது எழுதி வைப்பார்களா?

கீர்த்திகனைப் பற்றியும் சொல்லவேண்டும். தெல்லிப்பழைக்காரன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தமக்கையின் குறிப்போடு எங்கள் கந்தோருக்கு வந்தவன், தமக்கை கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. எனக்கும் அவன் வராத நாளில் வேலை ஓடாது. காதல் என்று சொன்னால் அவனுடைய தாய் றஜனி அன்ரி பாயை விரித்துப் படுத்துவிடுவார் என்பதால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் ஆடினோம். ஐயாவைக் கொண்டு கலியாணப் பேச்சுக்கால் அனுப்பி, முறையாகக் குறிப்புக் கொடுத்து, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம். 'பொருத்தம் உத்தமம்' என்று மெஷின் சொன்னது. அன்ரி குளிர்ந்து போய் என்னை "மருமகள்" என்று தன் வாயால் கூப்பிட்டார். மற்றதெல்லாம் நாடகம்தான், ஆனால் அந்தப் பொருத்தம் உண்மை. நான் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

நாங்கள் மெஷின் என்று சொல்வது கையால் தொடக்கூடிய பெட்டி அல்ல. பெரிய கணினி ஒன்றுக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி. மெய்நிகர் இயந்திரம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். வாடகை வீட்டில் ஒரு குடும்பம் இருப்பது மாதிரி, அது ஒரு மென்பொருள் தளத்தின் மேல் குடியிருக்கும். அந்தத் தளத்துக்கு வருடா வருடம் கட்டும் உரிமக் கட்டணத்தை ஒரேயடியாகக் கூட்டிவிட்டார்கள். ஐயா பில்லைப் பார்த்துவிட்டு, "உவங்களுக்கென்ன விசரோ?" என்றார். இலவசமான வேறு தளம் ஒன்று இருக்கிறது, குடும்பத்தைச் சட்டி பானையோடு அங்கே கொண்டுபோய் இருத்தலாம் என்று கொழும்பில் இருந்த அவருடைய தங்கச்சி மகன் சொல்ல, ஐயா அவனையே வரச் சொன்னார். அவன்தான் கஜீவன்.

வந்த முதல் நாளே என் கதிரையில் இருந்தான். "எழும்பும், இது என்ரை இடம்" என்றேன். எழும்பினான், ஆனால் எழும்பும்போது, "இந்தக் கந்தோரிலை ஒருத்தருக்கும் ஒண்டும் ஒழுங்காத் தெரியாது, கதிரை மட்டும் ஆருடையதெண்டு தெரியும்" என்றான். அன்றோடு கதைபேச்சு நின்றது. ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு வாட்சப்பில் எழுதிக்கொண்டோம்.

மாற்றுவதற்கு முதல் நாள், "மெஷினிலை விசேஷமா ஏதும் இருக்கோ?" என்று எழுதினான்.

"பெரிய கெட்டிக்காரருக்கு நான் சொல்லவேணுமே? திறந்து பாரும்" என்று எழுதினேன். எழுதும்போது நல்ல சந்தோசமாக இருந்தது.

கந்தோரை ஒரு நாள் பூட்டிவைத்து மாற்றினான். முதலில் வன்வட்டைக் காணவில்லை என்று மெஷின் எழும்ப மறுத்தது. பிறகு எழும்பியது, வலையமைப்பு இல்லை என்றது. அதையும் சரிசெய்தால் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நின்றது. அவன் முணுமுணுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினான். பின்னேரம் "முடிஞ்சுது" என்று எல்லாருக்கும் வாட்சப் வந்தது. பழைய தளத்தை முதலே அடியோடு அழித்துவிட்டுத்தான் அந்தக் கணினியிலேயே புதியதைப் பரப்பியிருந்தான். ஐயா லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் தொடவில்லை.

அதற்குப் பிறகு கந்தோரில் ஒரு பீடை பிடித்தது. முன்பு பொருந்திய சாதகங்கள் இரண்டாம் பிரதி எடுக்கும்போது பொருந்தாமல் போயின. சாவகச்சேரி அருளம்பலம் ஐயா, தோட்டக்காரர், தன் மகள் பிரியந்தினிக்குப் பேசி வைத்த இடத்துக்கு அனுப்ப ஒரு பிரதி கேட்டு வந்தார். மகளுக்குச் செவ்வாய்க் குற்றம் என்று அடித்தது. மனிதர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, முதல் தரேக்கை உப்பிடி இல்லையே. இடம்பெயர்ந்து வன்னியிலை இருக்கேக்கை பிறந்தவள், நேரம் எனக்கு நல்ல ஞாபகம். வடிவாப் பார்."

"மெஷின் சொல்லுறதைத்தான் ஐயா நாங்கள் சொல்லலாம்" என்றேன். அன்றைக்கு எனக்குத் தலையிடி, கீழே ஆள் வரிசையாக நின்றது. அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த முறை அடித்தது எனக்கு.

றஜனி அன்ரி பட்டுச்சாறி கட்டிக்கொண்டு வந்தார். கீர்த்திகன் கையில் ஹெல்மெட்டோடு பின்னால் வந்து படி வாசலில் நின்றான். ஐயா எழும்பி வரவேற்றார். அன்ரி என் கன்னத்தைத் தடவி, "ரெண்டு பிரதி அடி பிள்ளை. ஒண்டு குருக்களுக்கு, நாள் வைக்க. மற்றது கனடாவுக்கு அனுப்ப" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டே அடித்தேன். அச்சியந்திரம் கஜீவனின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. பேப்பர் வெளியே வரவர அன்ரியே போய் ஆசையோடு உருவி எடுத்தார்.

வாசித்தார். திரும்ப வாசித்தார். கன்னத்தைத் தடவிய கையால் மேசையில் அடித்தார்.

"என்ன உது? ஏழிலை செவ்வாய் எண்டு கிடக்கு!"

"ஆருக்கு?" என்றேன் மடைச்சி மாதிரி.

"உனக்குத்தான்! என்ரை பிள்ளைக்குக் குற்றம் இல்லை, உனக்கு இருக்கு. பொருத்தம் இல்லை எண்டு கொட்டை எழுத்திலை அடிச்சிருக்கு. முதல் தந்த பேப்பர் என்ன பேப்பர்? அப்ப உத்தமமா இருந்தது இப்ப எப்பிடி இல்லாமல் போச்சு?"

ஐயா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நான், "அன்ரி, எனக்கு ஆறிலைதான்…" என்று தொடங்கினேன். அவர் விடவில்லை.

"வாயைப் பொத்து! இப்பதான் விளங்குது. மெஷினுக்கு முன்னாலை இருக்கிறவள் நீ. நேரத்தைப் பதியிறவள் நீ. உன்ரை குறிப்பை நீயே சோடிச்சுப்போட்டு என்ரை பிள்ளையின்ரை தலையிலை கட்டப் பாத்தனி! புது மெஷின் வந்து உன்ரை கள்ளத்தைப் பிடிச்சுப் போட்டுது!"

கீழே புடவைக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஐயாவைப் பார்த்தேன். எத்தனை வருடமாக என்னைப் பார்க்கிறவர், ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அப்பிடி ஏதும் செய்திருந்தா இப்பவே சொல்லிப்போடு" என்றார் அவர். "கந்தோரின்ரை பேர் கெட்டுப்போடும்."

கஜீவன் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தான். "நான் அந்தப் பொருத்தக் கணக்கிலை ஒரு எழுத்தும் மாத்தேல்லை" என்று யாரும் கேட்காமலே சொன்னான். அவனுடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மேசை லாச்சியைக் கழற்றி அவன் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது.

பிறகு கீர்த்திகன் கிட்ட வந்தான். தாயின் கையிலிருந்து பேப்பரை வாங்கிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தனு, உண்மையைச் சொல்லு. நீ ஏதும் கை வைச்சனியோ?"

தாய் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. ஐயா சொன்னதும் பெரிதில்லை. இவன் கேட்டதுதான் நெஞ்சில் இறங்கியது. ஊரெல்லாருடைய எலும்பையும் படம் எடுத்துப் பார்க்கிறவன், தன்னுடைய முதுகில் ஒன்று இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கிழித்து எறியத்தான் அந்தப் பேப்பரை அவன் கையிலிருந்து பறித்தேன்.

கிழிக்கப் போகும்போது மேல் வரி கண்ணில் பட்டது. 'கீர்த்திகன். கடக லக்கினம்.'

"அன்ரி" என்றேன். "உங்கடை மகன் என்ன லக்கினம்?"

"கதையை மாத்தாதை!"

"என்ன லக்கினம் எண்டு கேக்கிறன்."

"சிங்க லக்கினம்! ஊருக்கே தெரியும். இடம்பெயர்ந்து போய் மல்லாவியிலை பிறந்த உடனை சாத்திரியார் வந்து எழுதின குறிப்பு. சிங்கக்குட்டி எண்டு தூக்கித் தந்தவர்."

"இதிலை கடகம் எண்டு கிடக்கு. வாசியுங்கோ."

அன்ரி பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். முகம் கறுத்தது. "கண்டறியாத மெஷின்! என்ரை பிள்ளை நண்டே? இது பிழை! சுத்தப் பிழை!"

"அவரின்ரை பிழையெண்டா, என்ரை மட்டும் எப்பிடி அன்ரி சரி?"

என் மூளை அப்போதுதான் ஓடத் தொடங்கியது. கீர்த்திகன் மல்லாவியில் பிறந்தவன். நான் புதுக்குடியிருப்பில், இரண்டும் வன்னி. பிரியந்தினியும் வன்னி. எல்லாரும் அந்த வருடங்களில் பிறந்தவர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நான் கஜீவனின் முகத்தைப் பார்த்து வாய் திறந்தேன்.

"மெஷினின்ரை நேரத்திலை என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. மாத்தேக்கை நேரம் பிந்தி நிண்டது, சரிக்கட்டினன்."

"எப்பிடிச் சரிக்கட்டினீர்?"

"பிந்தினதை முன்னுக்கு வைச்சன். வைக்கேக்கை பாத்தா அது இந்தியா மணிக்கூட்டிலை கிடந்தது. யாழ்ப்பாணத்திலை இருக்கிற மெஷினுக்கு என்னத்துக்கு இந்தியா மணிக்கூடு? இலங்கை எண்டு மாத்திவிட்டன். ரெண்டும் ஒரே நேரம்தானே."

"இண்டைக்கு ஒரே நேரம். ரெண்டாயிரத்திலை?"

அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்ரி "என்ன, என்ன?" என்று கேட்டார். நான் விளக்கினேன். இந்தியாவில் அந்த வருடங்களில் யாரும் மணிக்கூட்டைத் தள்ளவில்லை. அதனால் நான் பதிந்த பழைய நேரம் மெஷினுக்குள் அப்படியே நின்றது. இந்த மெஷினை முதலில் அமைத்துத் தந்தவர் தெரிந்துதான் அதை இந்தியாவில் வைத்திருக்கவேண்டும். இலங்கை என்று மாற்றினால், அரசாங்கம் தள்ளி வைத்த கதை மெஷினுக்கு ஞாபகம் வந்துவிடும். நான் பதிந்ததெல்லாம் தள்ளிய நேரம் என்று நினைத்து, அந்த வருடங்களில் பிறந்த எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிடும். இரண்டு ராசிக்கு இடையில் சந்தியில் நிற்கிற லக்கினம் மாற அது போதும். வீடுகளை லக்கினத்திலிருந்துதான் எண்ணுவது, அது மாறினால் செவ்வாய் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"பழைய நேரம்தான் பதியிறதெண்டு நீர் எனக்குச் சொல்லேல்லை!" என்றான் கஜீவன்.

"நீர் கேக்கேல்லை!"

"கேட்டனான்!" கைத்தொலைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். "விசேஷமா ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான். திறந்து பாரும் எண்டு எழுதினது ஆர்?"

எழுதினது நான்தான். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்தவனுடைய மணிக்கூட்டில் கை வைக்க முதல் வாயால் கேட்டிருக்கலாம். நானும் வாயால் சொல்லியிருக்கலாம்தான்.

"சண்டையைப் பேந்து பிடியுங்கோ, முதல் மாத்தடா!" என்று ஐயா கத்தினார். கஜீவன் திரும்பி ஒரே ஒரு வரி தட்டினான். நான் என் கதிரையில் இருந்து எங்கள் இரண்டு பேரின் குறிப்பையும் திரும்பத் திறந்தேன். சிங்கம். ஆறில் செவ்வாய். பொருத்தம் உத்தமம். அன்ரி திரைக்குக் கிட்ட வந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"சரிதான். மெஷினிலைதான் பிழை" என்றார். "பிள்ளை, மனசிலை ஒண்டும் வைச்சிராதை. பெத்த வயிறு, பதறிப்போனன். இப்ப கெதியா ரெண்டு பிரதி அடி, குருக்கள் கோயிலுக்குப் போக முதல் பிடிக்கவேணும்."

கீர்த்திகன் பெரிய மூச்சு ஒன்று விட்டான். "நான் அப்பவே நினைச்சனான்" என்றான்.

என்னத்தை நினைத்தானோ! என் விரல் அச்சுப் பொத்தானுக்குப் போனது. போன விரல் நின்றது. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கிய அருளம்பலம் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். "வடிவாப் பார்" என்று சொன்ன மனிதரை நான் பார்க்காமலே அனுப்பினேன்.

"அடிக்கிறன் அன்ரி. முதல் ஒரு கோல் எடுக்கவேணும்." மேசைத் தொலைபேசியை எடுத்தேன்.

"ஆருக்கு?" என்றார் ஐயா.

"சாவகச்சேரிக்கு, பிரியந்தினியின்ரை தகப்பனுக்கு. பிறகு மற்ற ஆக்களுக்கு. மெஷின் மாத்தின நாளிலை இருந்து பேப்பர் வாங்கின எல்லாருக்கும் சொல்லவேணும்."

"வை போனை!" ஐயா மேசையைச் சுற்றி ஓடி வந்தார். "உனக்கென்ன விசரே? பேப்பர் எல்லாம் பிழையெண்டு ஊருக்குச் சொன்னா நாளைக்கு ஒரு சனம் இந்தப் படி ஏறுமே? உன்ரையைச் சரிபண்ணியாச்சு. மற்றவை வந்து கேட்டா அப்ப பாப்பம். கேக்காட்டி விடு."

"என்ரையை மட்டும் சரிபண்ணிப்போட்டு மற்றவையை விட்டா, அதுதானே ஐயா நான் கை வைச்சது? அன்ரி என்னைக் கள்ளி எண்டு சொன்னது அப்ப உண்மையாப் போடும்."

"நான் சொன்னதை விடு" என்றார் அன்ரி. குரல் திரும்பவும் ஏறியது. "ஐயா சொல்லுறதைக் கேள். மெஷின் பிழைச்சதெண்டு வெளியிலை கதை போனா எங்கடை பேப்பரை ஆர் நம்பப் போயினம்? கனடாவிலை என்ரை சகோதரங்கள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? ஊர் சிரிக்கிற கலியாணம் எனக்கு வேண்டாம். நீ அந்தப் போனிலை கதைச்சியெண்டா, இந்தப் பேச்சு இதோடை முடிஞ்சுது. சொல்லிப்போட்டன்."

ஐயா, "வேலையும் முடிஞ்சுது" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் கீர்த்திகனைப் பார்த்தேன். அவன் ஹெல்மெட்டைப் பார்த்தான். அதன் நாடாவை இழுத்தான், விட்டான்.

"இப்ப உடனையே எடுக்கவேணுமே தனு?" என்றான். "நாளை வைச்சிட்டுப் பேந்து எடன். ரெண்டு கிழமை பொறுத்தா என்ன?"

அந்த ரெண்டு கிழமையில் எத்தனை பெண்களை எத்தனை வீட்டில் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னை என்ன சொன்னார்கள் என்பதையே அவன் மறந்துவிட்டான். நான் இலக்கங்களை அழுத்தினேன். ஒரு இலக்கமும் பிழைக்கவில்லை.

"ஐயா, நான் சுபயோகத்திலை இருந்து தனுசியா கதைக்கிறன்."

"சொல்லு பிள்ளை." அருளம்பலம் ஐயாவின் பின்னால் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"பிரியந்தினியின்ரை குறிப்பு ஐயா. எங்கடை மெஷினிலைதான் பிழை. அவவுக்குச் செவ்வாய் இல்லை. முதல் தந்த பேப்பர்தான் சரி. நீங்கள் அண்டைக்குச் சொன்னது முழுக்கச் சரி ஐயா."

இறைப்பு மெஷினை அவர் நிறுத்தினார்.

"பேசி வைச்ச பொடியனுக்குப் போன வெள்ளி எழுத்து முடிஞ்சுது பிள்ளை" என்றார். "மீசாலையிலை வேறை ஒரு இடம்."

பதிவுத் திருமணத்தைத்தான் நாங்கள் எழுத்து என்போம். அதற்குப் பிறகு திருப்ப ஒன்றும் இல்லை.

"ஐயா, என்னைப் பேசுங்கோ. வாயிலை வாறதெல்லாம் சொல்லிப் பேசுங்கோ" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னைப் பேசி என்ன வரப்போகுது. ஒரு உதவி செய்வியே? அவளுக்குச் செவ்வாய் இல்லையெண்டு ஒரு பேப்பர் அடிச்சுத் தா. அவளுக்குக் காட்டவேணும். கட்டுறவனைத் தின்னப் பிறந்தவள் எண்டு மாப்பிள்ளைப் பகுதி சொல்லிப்போட்டுது. அண்டையிலை இருந்து அறையை விட்டு வாறாளில்லை. நான் சொன்னா நம்புறாளில்லை. மெஷின் சொன்னா நம்புவள்."

"நானே கொண்டு வாறன் ஐயா. இப்பவே வெளிக்கிடுறன்."

தொலைபேசியை வைத்தேன். பிரியந்தினியின் குறிப்பைத் திறந்து அடித்தேன். ஐயா கையெழுத்துப் போடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பரவாயில்லை, மெஷினின் பேப்பர் போதும். அன்ரி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என் குடும்பம், என் வளர்ப்பு, என் தாய் என்று ஒவ்வொன்றாகப் போனது. நான் கைப்பையை எடுத்தேன்.

அப்போது கஜீவன் எழும்பி வந்து என் கதிரையில் இருந்தான். மாற்றிய நாளிலிருந்து அடித்த பேப்பர்கள் எல்லாவற்றையும் திரையில் வரிசையாக எடுத்தான். மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, முதல் இலக்கத்தை அழுத்தினான். ஐயா, "எடேய், உனக்குமோ!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் நன்றி சொல்லவில்லை, கதிரையை விட்டு எழும்பச் சொல்லவும் இல்லை.

படி வாசலில் கீர்த்திகன் நின்றான். மோட்டச்சைக்கிள் திறப்புக் கொத்து அவன் விரலில் தொங்கியது. ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்று ஒரு சொல் சொல்வான் என்று, மானங்கெட்ட மனம், ஒரு கணம் காத்து நின்றது. "அம்மாவைச் சமாளிக்கிறன், நீ போட்டுக் கெதியா வா" என்றான். நான் அவனை விலத்திக்கொண்டு இறங்கினேன்.

யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சாவகச்சேரிக்கு இன்னொன்று. யன்னல் கரையில் இடம் கிடைத்தது. பேப்பர் மடியாமல் இருக்க அதை ஒரு மட்டைக் கோவைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி, "அழாதை மோனை" என்றார். அழவில்லை, கோவம் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றுவிட்டு அவர் தன் பாட்டுக்கு நித்திரையானார்.

நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீர்த்திகன் கோல் எடுத்தான்.

"எங்கை நிக்கிறாய்?"

"நாவற்குழி."

"அம்மா ஆறீட்டா" என்றான் சந்தோசமாக. "நான் எல்லாம் கதைச்சுச் சமாளிச்சிட்டன். ஆரும் கேட்டா மெஷின் பழுது, திருத்தியாச்சு எண்டு சொல்லுவமாம். குருக்களையும் பின்னேரம் பிடிக்கலாம். எங்கடை பேப்பர் எங்கை எண்டு கேக்கிறா. அடிச்சு வைச்சிட்டோ போனனி?"

"இல்லை. அடிக்கேல்லை."

"அப்ப வந்து அடிக்கிறியோ? இல்லாட்டி கஜீவனைக் கொண்டு அடிப்பிக்கட்டோ?"

வெளியே கடனீரேரி வெயிலில் பளபளத்தது.

"ஒருத்தரும் அடிக்கத் தேவையில்லை. பொருத்தம் இல்லை எண்டு கொம்மாவிட்டைச் சொல்லு."

"என்னடி சொல்லுறாய்? மெஷின் உத்தமம் எண்டு காட்டுதெல்லே! நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்தானே!"

"ஓம், மெஷின் உத்தமம் எண்டுதான் சொல்லுது" என்றேன். "நான்தான் இல்லை எண்டு சொல்லுறன்."

தொலைபேசியைப் பைக்குள் போட்டேன். கைதடியில் இறங்குகிறவர்கள் எழும்பத் தொடங்கினார்கள்.